ஊர்க் குளத்தை மீட்பது எப்படி? யாழ்ப்பாணக் கிராமங்களுக்கான முழுமையான வழிகாட்டி

ஆவணி மாதத்தில் வலிகாமத்தின் ஒழுங்கைகளில் நடந்து பாருங்கள். வறண்டு கிடக்கும் குளம் ஒன்றாவது கண்ணில் படும். நடுவில் வெடித்த சேறு, ஓரமெங்கும் பாத்தீனியம், வாய்க்கால் வந்து சேரும் இடத்தில் பொலித்தீன் பைகள். பக்கத்தில் ஆவுரோஞ்சிக்கல் நிற்கும். உடம்பை உரசிக்கொள்ள அங்கே மாடு வராது. அதே ஊரில் நூறு யார் தள்ளி ஒரு தோட்டக் கிணற்றில் பம்பி இரைந்துகொண்டிருக்கும், அதன் தண்ணீர் ஆண்டுக்கு ஆண்டு சவர்த்துக்கொண்டிருக்கும். இந்த இரண்டும் ஒரே கதையின் இரண்டு பக்கங்கள்.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு கிடையாது. வழுக்கை ஆறும் மாரியில் மட்டும் ஓடி அராலிப் பக்கம் கடல்நீரேரியில் கலந்துவிடும். நமக்கு இருப்பது காலடியில் உள்ள சுண்ணாம்புக்கல். அதன் வெடிப்புகளிலும் குகைகளிலும் மழைநீர் இறங்கித் தங்குகிறது. அடியில் இருக்கும் கடல்நீரின்மேல் கனம் குறைந்த நன்னீர் ஒரு வில்லைபோல மிதக்கிறது. நிலாவரைக் கிணற்றில் மேலே நன்னீரும் ஆழத்தில் உவர்நீரும் இருப்பது இதனால்தான். கடல்மட்டத்துக்கு மேலே 1 அடி நன்னீர் நின்றால் கீழே ஏறத்தாழ 40 அடி நன்னீர் இருக்கும் என்பது நீரியல் கணக்கு. அதையே திருப்பிப் பாருங்கள்: மேலே 1 அடி இறங்கினால் கீழிருந்து 40 அடி உவர் ஏறும். ஆகவே குளத்தில் தேங்கி மெல்ல இறங்கும் ஒவ்வோர் அங்குல நீரும் ஊர்க் கிணறுகளைக் கீழிருந்து தாங்கிப் பிடிக்கிறது.

குடாநாட்டில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட குளங்கள் உண்டு. அண்மைக் காலத்தில் பல இடங்களில் தூர்வாரினார்கள். இரண்டு மாரி கழிந்ததும் அவற்றில் சில பழையபடி ஆகிவிட்டதையும் பார்த்திருக்கிறேன். அங்கெல்லாம் இயந்திரம் வந்து குளத்தைத் தோண்டிவிட்டுப் போனது. குளத்துக்குத் தண்ணீர் வரும் வழியை யாரும் திறக்கவில்லை. குளத்தால் சம்பாதிக்கும் ஒருவரும் அந்த ஊரில் இருக்கவில்லை. இந்த வழிகாட்டி அந்த இரண்டையும் முன்னால் வைக்கிறது. ஓராண்டு வேலை இது. ஐப்பசியில் தொடங்குங்கள், குளத்து மண்ணில் கைவைப்பது அடுத்த ஆடியில்தான்.

படி 1: ஒரு மாரியைக் குளத்தோடு கழியுங்கள்

முதல் கனமழை அன்று குடையும் கிராம வரைபடத்தின் பிரதி ஒன்றும் எடுத்துக்கொண்டு இறங்குங்கள். மழை ஓய்ந்த பிறகு போனால் பயனில்லை, பெய்யும்போதே போகவேண்டும். வெள்ளம் எந்த ஒழுங்கையால் வருகிறது, எந்த மதகில் தடைப்படுகிறது, யாருடைய மதிலில் மோதித் திரும்புகிறது, கடைசியில் குளத்துக்கு வருகிறதா அல்லது வீதியால் ஓடிக் கடலுக்குப் போகிறதா என்பதை வரைபடத்தில் அம்புக்குறியாக இடுங்கள். 2020 டிசம்பரில் புரெவிப் புயலின்போதும் 2024 நவம்பர் வெள்ளத்தின்போதும் எந்த வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது என்று கேட்டு அதையும் குறியுங்கள். வெள்ளம் புகுந்த வீடுகள் பெரும்பாலும் பழைய வாய்க்காலின் மேலோ அதன் ஓரத்திலோ இருக்கும்.

பிறகு முதியவர்களிடம் போங்கள். எங்கள் ஊரில் இரண்டு மாரி தேடியும் பிடிபடாத வாய்க்கால் ஒன்றை ஓர் ஆச்சி ஐந்து நிமிடத்தில் காட்டினார். படலையைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே, "தம்பி, நான் கல்யாணம் முடித்து வந்த ஆண்டில் இந்த வாசலால்தான் வெள்ளம் போனது, நாங்கள் பனங்குற்றி போட்டுத்தான் கடந்தோம்" என்றார். அவர் கைகாட்டிய இடத்தில் ஒன்றரை அடி தோண்டியதும் பழைய கல்மதகின் விளிம்பு தட்டுப்பட்டது.

படி 2: குளம் யாருடையது என்று எழுத்தில் உறுதிசெய்யுங்கள்

வயலுக்கு நீர் கொடுக்கும் சிறு குளங்கள் கமநல அபிவிருத்தித் திணைக்களத்தின் பொறுப்பில் வரும். 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டத்தின் கீழ் பதிவான கமக்கார அமைப்புக்கு அவற்றின் பராமரிப்பில் இடம் உண்டு. குடியிருப்புக்குள் இருக்கும் குளங்கள் பலவற்றைப் பிரதேச சபை பார்க்கிறது. கோயில் கேணி என்றால் அறங்காவலர் சபையிடம் பேசவேண்டும். கிராம அலுவலரிடம் தொடங்கி, பிரதேச செயலகத்தின் காணிப் பிரிவு வரை போய், எல்லையைக் காட்டும் அளவை வரைபடத்தைப் பெறுங்கள். வாய்மொழி அனுமதியை நம்பி இயந்திரத்தை இறக்கவேண்டாம்.

எல்லை அளந்ததும் யாராவது ஒருவரின் வேலி குளத்துக்குள் நிற்பது தெரியவரும். அவரைப் பொதுக்கூட்டத்தில் எழுப்பி நிறுத்தாதீர்கள். அவர் மதிக்கும் இருவர் அவருடைய வீட்டுக்குப் போய், திண்ணையில் இருந்து பேசட்டும். வேலியை நகர்த்தும் கூலியைக் குழு ஏற்றுக்கொண்டால் பாதிப் பேர் இணங்கிவிடுவார்கள்.

படி 3: எல்லாத் திக்கிலிருந்தும் ஆட்களைச் சேருங்கள்

இதைச் சுற்றி வளைக்காமல் எழுதுகிறேன். நம் ஊர்களில் கிணறுகளும் குளங்களும் எல்லோருக்கும் திறந்திருந்த இடங்கள் அல்ல. சாதியின் பெயரால் தண்ணீரை மறுத்த வரலாறு நமக்கு இருக்கிறது. அந்தக் காயம் சில குடும்பங்களில் இன்னும் ஆறவில்லை. குழுவில் ஊரின் ஒரு பக்கத்து ஆட்கள் மட்டும் இருந்தால் மறு பக்கத்தார் அந்தக் குளத்தைத் தங்களுடையதாக நினைக்கமாட்டார்கள், நினைக்கவேண்டும் என்று கேட்கும் உரிமையும் நமக்கு இல்லை. முதல் கூட்டத்துக்கு முன்பே ஒவ்வொரு குறிச்சிக்கும் நேரில் போய் அழையுங்கள்.

ஒன்பது பேர் போதும். வாய்க்கால் ஓரத்தில் குடியிருப்பவர், கிணறுள்ள தோட்டக்காரர், மாடு வளர்ப்பவர், பனையேறும் சீவல் தொழிலாளி, ஓலை வேலை தெரிந்த பெண் ஆகியோர் கட்டாயம் இருக்கவேண்டும். பெண்கள் நால்வராவது இருக்கட்டும்; வீட்டுக் கிணற்றின் சுவை மாறுவதை முதலில் அறிபவர்கள் அவர்கள். சனசமூக நிலையத்தில் வரவு செலவுப் பலகை ஒன்று மாட்டுங்கள். வங்கிக் கணக்குக்கு இருவர் கையொப்பம் வேண்டும்.

கனடாவிலும் இலண்டனிலும் இருக்கும் ஊர் உறவுகள் பணம் அனுப்ப முன்வருவார்கள். நன்றியோடு ஏற்றுக்கொள்ளுங்கள், ஆனால் இரண்டு நிபந்தனைகளை முதலிலேயே சொல்லிவிடுங்கள். மொத்தத் தொகையில் மூன்றில் ஒரு பங்கு அடுத்த மூன்று ஆண்டுப் பராமரிப்புக்காக வங்கியில் இருக்கவேண்டும். குளத்தைச் சுற்றிச் சீமெந்துச் சுவர் எழுப்பப் பணம் கேட்கவும் மாட்டோம், வாங்கவும் மாட்டோம். நாற்புறமும் செங்குத்தாகச் சுவர் எழுப்பிய குளத்தில் மாடு இறங்காது, ஆமை ஏறாது, கொக்குக்கு நிற்க இடமிராது, தவறி விழுந்த பிள்ளைக்குப் பிடித்து ஏறக் கரையும் இராது.

படி 4: தண்ணீர்க் கணக்கு

இதற்குப் பொறியியலாளர் தேவையில்லை. 16 பரப்பு ஓர் ஏக்கர். 1 பரப்பு என்பது ஏறத்தாழ 253 சதுர மீற்றர். 1 பரப்பு நிலத்தில் 1 அங்குல மழை பெய்தால் சுமார் 6,400 லீற்றர் தண்ணீர் விழுகிறது. உங்கள் குளத்தை நோக்கிச் சரியும் நிலம் 200 பரப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். 1 அங்குல மழைக்கு 12,80,000 லீற்றர். அதில் மூன்றில் ஒரு பங்கு வழிந்து வந்தாலும் 4,25,000 லீற்றர் கிடைக்கும்.

8 பரப்பில் 5 அடி ஆழமுள்ள குளம், கரைச்சரிவுகளைக் கழித்தால், 25 இலட்சம் லீற்றர் அளவு கொள்ளும். ஆறு நல்ல மழையில் அது நிரம்பிவிடும். ஐப்பசிக்கும் மார்கழிக்கும் இடையில் அத்தனை மழை நமக்குப் பெய்கிறது. செம்பாட்டு மண் நீரை விரைவாக உறிஞ்சுவதால் அங்கே வழிந்து வரும் பங்கு குறையும். கூரையும் கொங்கிரீட் வீதியும் நிறைந்த குறிச்சியில் கூடும். கணக்குப்படி நிரம்பவேண்டிய குளம் நிரம்பவில்லை என்றால் தவறு ஆழத்தில் இல்லை, வாய்க்காலில் இருக்கிறது. தோண்டுவதற்கு முன் இதை அறிந்துகொண்டால் பல இலட்சம் ரூபாய் மிஞ்சும்.

படி 5: முதலில் வாய்க்கால்

பங்குனி, சித்திரையில் இந்த வேலையை முடியுங்கள். சிரமதானத்துக்கு மிகவும் ஏற்றது இதுதான். மண்வெட்டியும் கடகமும் போதும். அடைபட்ட மதகுகளைத் திறந்து, வாய்க்காலின் சரிவை நீர்மட்டக் குழாயால் பாருங்கள். வாய்க்கால் குளத்தில் விழும் இடத்துக்குச் சற்று முன்னால், 6 அடி நீளம், 4 அடி அகலம், 3 அடி ஆழத்தில் ஒரு வண்டல் குழி வெட்டி, அதன் வாயில் கம்பி வலைத் தட்டி ஒன்றைச் சாய்த்து நிறுத்துங்கள். மண் குழியில் படியும், குப்பை தட்டியில் நிற்கும். மழைக்காலத்தில் வாரம் ஒருமுறை இதைத் துப்புரவாக்கும் பொறுப்பை மிக அருகிலுள்ள இரண்டு வீடுகளுக்குக் கொடுத்து, அதற்கு ஒரு சிறு தொகையும் கொடுங்கள். சம்பளமில்லாத பொறுப்பு இரண்டாவது மழையோடு மறந்துபோகும்.

வாய்க்காலில் மலசலகூடக் கழிவோ வாகனத் திருத்தகத்தின் எண்ணெயோ கலந்தால் அது அப்படியே சுண்ணாம்புக்கல் வெடிப்பில் இறங்கிவிடும். இந்த நிலத்துக்கு வடிகட்டும் தன்மை குறைவு. நிலக்கீழ் நீரில் எண்ணெய் கலந்தால் ஊர் என்ன பாடுபடும் என்பதைச் சுன்னாகத்து மக்கள் அறிவார்கள். மூலத்தை அடைக்கும்வரை அந்த வாய்க்காலைக் குளத்தோடு இணைக்கவேண்டாம்.

படி 6: தூர்வாருதல்

வலிகாமம் வடக்கிலோ போர் நடந்த வேறு இடங்களிலோ விடுவிக்கப்பட்ட காணிக்கு அருகில் உங்கள் குளம் இருந்தால், கண்ணிவெடி அகற்றப்பட்ட நிலம் என்பதை மாவட்டச் செயலகத்தில் எழுத்துமூலம் உறுதிசெய்த பிறகே மண்வெட்டியை எடுங்கள். 1990இல் இடம்பெயர்ந்து பல ஆண்டுகளின் பின் திரும்பிய ஊர்களில் குளத்தின் அடியில் என்ன கிடக்கிறது என்பது யாருக்கும் தெரியாது. சந்தேகமான இரும்பு எதையாவது கண்டால் தொடாதீர்கள். இடத்தை அடையாளமிட்டு விலகி, பொலிசாருக்கு அறிவியுங்கள்.

நிலத்தில் நீர் வற்றிய ஆடி, ஆவணியே காலம். புரட்டாதி நடுப்பகுதிக்குள் முடியவேண்டும். முதலில் குளத்தின் ஐந்து இடங்களில் கையால் சோதனைக் குழி வெட்டுங்கள். மேலே கறுத்த வண்டல் வரும். ஈரமாகப் பிடித்து உருட்டினால் விரலில் ஒட்டும், மக்கிய இலையின் மணம் இருக்கும். அதன் கீழே நிறம் மாறும்: சாம்பல் நிறக் களி, அல்லது செம்மண், அல்லது வெண்சுண்ணாம்பு. நிறம் மாறும் ஆழமே உங்கள் எல்லை. பெக்கோ இயந்திரம் ஓட்டுபவருக்கு அந்த ஆழத்தைத் தடியில் வெட்டிக் காட்டி, நாள் முழுவதும் ஒருவர் அந்தத் தடியோடு குளத்துக்குள் நிற்கவேண்டும்.

நாங்கள் இதில் ஒரு தவறு செய்தோம். "இன்னும் இரண்டு அடி தோண்டினால் கோடையிலும் தண்ணீர் நிற்கும்" என்ற ஆசையில் தென்மூலையை ஆழப்படுத்தினோம். கடல்நீரேரி தொலைவில் இல்லை என்பதை மறந்துவிட்டோம். அடுத்த பங்குனியில் அந்த மூலையில் நின்ற நீரை நாக்கில் வைத்தால் கரித்தது. மாடுகள் முகர்ந்துவிட்டுத் திரும்பிப் போயின. வெட்டிய களியைத் தேடிக் கொண்டுவந்து மூன்று அங்குலப் படைகளாகப் போட்டு, நனைத்து, மிதித்து இறுக்கினோம். கரையோரக் கிராமங்களிலும் தீவுப் பகுதியிலும் ஆழத்தைக் கூட்டாதீர்கள். இடம் இருந்தால் அகலத்தைக் கூட்டுங்கள்.

குளம் முழுவதையும் ஒரே ஆண்டில் வழித்தெடுக்கவும் வேண்டாம். நான்கில் ஒரு பங்கைத் தாமரைக்கிழங்கோடும் புல்லோடும் அப்படியே விடுங்கள். தவளையும் மீனும் பூச்சியும் அங்கிருந்துதான் மறுபடி பரவும். கரையை, மூன்று அடி தூரத்துக்கு ஓர் அடி இறங்கும் சரிவில் அமையுங்கள். மாடு இறங்க இன்னும் மெல்லிய சரிவில் ஒரு துறை வேண்டும்.

எடுத்த வண்டல் தோட்டத்துக்கு நல்ல பசளை. நம் முன்னோர் குளத்து மண்ணையும் பூவரசங் குழையையும் போட்டுத்தான் செம்பாட்டுத் தோட்டங்களை வளமாக்கினார்கள். ஊர்த் தோட்டக்காரருக்கு உழவு இயந்திரப் பெட்டிக் கணக்கில் குறைந்த விலைக்குக் கொடுங்கள். அந்தப் பணம் எரிபொருள் செலவில் ஒரு பகுதியைத் தாங்கும். ஊருக்கு வெளியே மண் ஏற்றுவதற்கு உரிய அனுமதிப்பத்திரம் தேவை. அது இல்லாமல் ஒரு டிப்பரைக்கூட அனுமதிக்காதீர்கள். மண் வியாபாரம் தொடங்கினால் குளத்தின் ஆழத்தை வியாபாரியே தீர்மானிப்பார்.

படி 7: குளக்கட்டும் மரமும்

குளக்கட்டின் உட்புறச் சரிவில் வெட்டிவேர் நடுங்கள், அரை அடிக்கு ஒரு தூர். கட்டின் உச்சியில் பெருமரம் வேண்டாம். வேர் செத்து உக்கினால் அந்த வழியால் நீர் கசியும். கட்டுக்கு வெளியே, அடிவாரத்தில் மருது, நாவல், இலுப்பை, புங்கு. இன்னும் வெளியே, எல்லையோரமாகப் பனை.

பனை விதைப்பது எளிது, ஆனால் பலர் தவறாகச் செய்கிறார்கள். விதை முளைக்கும்போது அதன் முளை நேராகக் கீழே இறங்கி மண்ணுக்குள் கிழங்காகிறது. பையில் முளைக்கவைத்துப் பெயர்த்து நட்டால் அந்த முளை முறிந்துவிடும். ஆகவே நிற்கவேண்டிய இடத்திலேயே விதையுங்கள். புரட்டாதியில், தானாக விழுந்த பழத்தைப் பிசைந்து களி எடுத்தபின் விதையைச் சில நாள் நிழலில் குவித்து, 10 அடிக்கு ஒரு குழியில் இரண்டு விதை போடுங்கள். முதல் ஆண்டு மேலே ஓர் ஓலைதான் தெரியும். அதை மாடு மிதிக்காமல் காவோலையால் சுற்றி மறையுங்கள். வடலியாகிக் காய்க்கப் பன்னிரண்டு முதல் இருபது ஆண்டு வரை ஆகும், ஆணா பெண்ணா என்பதும் அப்போதுதான் தெரியும். நிற்கும் பனையைத் தறிக்க அனுமதி பெறவேண்டும் என்பதையும் ஊருக்கு நினைவூட்டுங்கள்.

படி 8: குளத்தால் வாழ்பவர்களை உருவாக்குங்கள்

வேலையின் உயிர் இந்தப் படியில் இருக்கிறது. குளத்தால் மாதம் சில ஆயிரம் ரூபாய் சம்பாதிக்கும் பத்துக் குடும்பங்கள் இருந்தால், குப்பை கொட்ட வருபவரைத் தடுக்கக் காவலாளி தேவைப்படாது.

உடனே தொடங்கக்கூடியது பனம்பாத்தி. தூர்வாரியபோது கிடைத்த மணல் கலந்த மண்ணை இரண்டு அடி உயரப் பாத்தியாக்கி, ஆவணி, புரட்டாதியில் விதைகளை நெருக்கமாக அடுக்கி மூடுங்கள். தை, மாசியில் கிழங்கு எடுக்கலாம். பச்சையாக விற்றால் கிடைப்பது சொற்பம். தோலுரித்துக் கிழித்து வெயிலில் காயவைத்தால் ஒடியல். அவித்துக் காயவைத்தால் புழுக்கொடியல். ஒடியல் மாவுக்குக் கூழ் காய்ச்சும் வீடுகள் உள்ளூரிலும் வெளிநாட்டிலும் இருக்கின்றன. வெயில் மாறும் நாளில் பூஞ்சணம் பிடித்தால் முழுத் தொகுதியும் வீணாகிவிடும்; கண்ணாடித் தாள் போர்த்திய உலர்த்தும் கூடு ஒன்றைக் குழுவாக வாங்குவது நல்லது.

ஓலை வேலையில் நம் பெண்களின் கை இன்னும் மறக்கவில்லை. நீத்துப்பெட்டி, சுளகு, கடகம், பனங்கட்டிக் குட்டான். மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தில் பயிற்சியை ஒழுங்குசெய்யுங்கள். பனை அபிவிருத்திச் சபையும் கைதடியில் உள்ள பனை ஆராய்ச்சி நிலையமும் தொழில்நுட்ப உதவிக்கு அணுகக்கூடிய இடங்கள். விலையை இப்படிக் கணியுங்கள்: ஒரு சுளகுக்கு அதைப் பின்னியவர் எத்தனை மணிநேரம் இருந்தார் என்று குறித்து, அதைத் தோட்டக்கூலியோடு ஒப்பிடுங்கள். கூலியைவிடக் குறைவாக வந்தால் அந்தப் பொருளை விடுங்கள். பெண்ணின் உழைப்பை மலிவாக்கி நடத்தும் கைத்தொழிலை வாழ்வாதாரம் என்று சொல்ல எனக்கு மனம் வராது.

மீன் வளர்ப்புக்கு, தை முதல் ஆடி வரை நீர் நிற்கும் குளமாக இருக்கவேண்டும். தேசிய நீருயிரின வளர்ப்பு அபிவிருத்தி அதிகாரசபையிடம் குஞ்சுகளுக்கு விண்ணப்பிக்கலாம். பிடிக்கும் உரிமையை ஆண்டுக் குத்தகைக்கு விட்டு, குத்தகையைப் பராமரிப்பு நிதியில் சேருங்கள். தாமரைப்பூவுக்குக் கோயில்களில் எப்போதும் தேவை உண்டு. திருவிழாக் காலத்தில் நல்ல விலை போகும்.

படி 9: கிணற்றடியிலும் மாற்றம் வேண்டும்

குளம் நிலத்துக்குள் இறக்கும் நீரை விடப் பம்பி இறைப்பது அதிகமானால் எல்லா உழைப்பும் வீண். துலாவாலும் சூத்திரத்தாலும் இறைத்த காலத்தில் மனிதனும் மாடும் களைத்ததும் இறைப்பு நின்றது, பம்பிக்குக் களைப்பில்லை. வெங்காயத் தோட்டத்தில் காலையிலோ மாலையிலோ மட்டும் இறையுங்கள். தூவல் நீர்ப்பாசனம் செய்த ஒருவரின் பாத்தியை மற்றவர்கள் பார்க்கும்படி வயல்விழா ஒன்று வையுங்கள்.

இரசாயனப் பசளை கூடும்போது நைத்திரேற்று கிணற்றில் இறங்குகிறது. குடிநீரில் 1 லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் நைத்திரேற்று இருக்கக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு. புட்டிப்பால் குடிக்கும் கைக்குழந்தைகளுக்கு இது மிகுந்த ஆபத்து. காய்ச்சினால் நைத்திரேற்று போகாது, செறிவு கூடும். தோட்டங்களின் நடுவே இருக்கும் குடிகிணறுகளை ஆண்டுக்கு ஒருமுறை ஆய்வுகூடத்தில் சோதியுங்கள்.

படி 10: அளந்து எழுதுங்கள்

குளத்தைச் சுற்றி வெவ்வேறு தூரத்தில் ஆறு கிணறுகளைத் தெரிந்தெடுங்கள். ஒவ்வொரு கிணற்றுக் கட்டிலும் சிவப்பு மையால் ஒரு புள்ளி. அடிக்கு ஒரு முடிச்சுப் போட்ட கயிற்றில் சிறு கல் கட்டி, அந்தப் புள்ளியிலிருந்து மெல்ல இறக்குங்கள். கல் நீரைத் தொடும் ஓசை தெளிவாகக் கேட்கும். கயிறும் ஒரு கணம் தளரும். அங்கே பிடித்து முடிச்சை எண்ணுங்கள். ஒவ்வொரு பூரணையன்றும், காலை இறைப்புக்கு முன். மின்கடத்துதிறன் பார்க்கும் கைக்கருவி ஒன்று குழுவிடம் இருந்தால் உவர்ப்பையும் எண்ணாகக் குறிக்கலாம்; இல்லாவிட்டால் "நன்னீர், இலேசான சவர், சவர்" என்று மூன்று தரம் போதும்.

எங்கள் ஊரில் இந்த வேலையை உயர்தரம் படிக்கும் மாணவிகள் இருவர் செய்கிறார்கள். கொப்பி சனசமூக நிலையத்தின் பத்திரிகை மேசையில் கிடக்கிறது, யாரும் புரட்டலாம். திகதி, கிணற்று இலக்கம், முடிச்சு, சுவை, அந்த மாதத்து மழை என ஐந்து நிரல்கள். முதல் ஆண்டின் எண்களை வைத்து எதையும் முடிவுசெய்யாதீர்கள், மழை கூடின ஆண்டாகவும் இருக்கலாம். மூன்றாவது ஆண்டு ஆடிப் பூரணையின் எண்ணை முதலாவது ஆண்டு ஆடிப் பூரணையின் எண்ணுக்குப் பக்கத்தில் எழுதி, குளத்துக்கு அருகிலுள்ள கிணற்றையும் தொலைவிலுள்ள கிணற்றையும் ஒப்பிடுங்கள். அருகிலுள்ளது குறைவாக இறங்கியிருந்தால் குளம் வேலை செய்கிறது. இரண்டும் ஒரே அளவில் இறங்கியிருந்தால் மறுபடி வாய்க்காலுக்குப் போங்கள், மழை பெய்யும்போதே.